நாக்கும் வாசற்படியும்

மனிதன் எதை விட்டாலும் விடுவான், சாப்பாட்டுப் பழக்கத்தை மட்டும் விடமாட்டான் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ இதில் நம்பிக்கை கிடையாது. மனிதன் முதலில் விட்டுக்கொடுப்பதே சாப்பாட்டு விஷயத்தில்தான். உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். மிளகாய் இந்த நாட்டுச் சரக்கல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே திசையிலிருந்து வந்தவைதாம். காப்பி அரேபியாவிலிருந்து வந்தது. அது தமிழ்நாட்டு வீடுகளில் நுழைந்த புதிதில், குடும்பத்தைக் கெடுக்க வந்த சனியன் என்று புலம்பிய பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய பேரன்மாருக்கு இன்று காலையில் டிகாக்ஷன் இறங்கக் கொஞ்சம் தாமதமானால் உலகமே இருண்டு போகிறது.

நாக்கு ஊர் பேர் விசாரிப்பதில்லை. பிடித்துவிட்டால் போதும், உள்ளே வா என்று அழைத்துக்கொள்கிறது. விசாரணையெல்லாம் வாசற்படியில்தான் நடக்கிறது. ‘நீ யார், எந்த ஊர், என்ன ஜாதி, யார் வீட்டுப் பிள்ளை?’ பண்டத்தை உள்ளே விட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்த மனிதனை வெளியே நிறுத்திவைக்கும் இந்த வித்தையைப் பற்றித்தான் இன்று உங்களோடு கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன். நான் தத்துவம் படித்தவனல்ல, கதை எழுதுகிறவன். ஆகவே கண்ணால் பார்த்த ஓர் இடத்தை வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து அவினாசிக்குப் போகும் பெருஞ்சாலையில், சோமனூருக்கும் அன்னூருக்கும் பாதை பிரிகிற இடத்தில் இருக்கிறது கருமத்தம்பட்டி. பதினேழாம் நூற்றாண்டில் வேர்விட்ட செபமாலை மாதா கோவில் அந்த ஊருக்குப் பெருமை. சுற்றுவட்டாரம் முழுவதும் விசைத்தறி. ராத்திரியிலும் தறிச் சத்தம் ஓயாது. அந்தச் சத்தம் நின்றால்தான் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்த நால்ரோட்டுப் பக்கத்தில் ஓர் ஓட்டல். பெயர் எதற்கு? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். அங்கே பரோட்டாவும் உண்டு, தோசையும் உண்டு. ஆனால் ஜனங்கள் வருவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: ஹக்கா நூடுல்ஸ்.

வாசலிலேயே அடுப்பு. பெரிய வாணலி செக்கச்செவேலென்று கனல்மேல் உட்கார்ந்திருக்கும். எண்ணெய், பூண்டு, மெல்லிசாக அரிந்த முட்டைக்கோசு, கேரட், குடைமிளகாய். முன்னமே வேகவைத்து உதிர்த்து வைத்த நூடுல்ஸ். மேலே கறுப்பாகச் சோயா சாஸும் கொஞ்சம் வினிகரும். மாஸ்டர் வாணலியின் காதைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் எல்லாம் ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வரும். ஓர் இழை கீழே சிந்தாது. பரிமாறுவதற்குள் வாயில் ஜலம் ஊறிவிடும். நான் அங்கே பலமுறை சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருக்கும்.

சாப்பாட்டைவிட என்னைக் கவர்ந்தது அங்கே உட்கார்ந்திருக்கும் கூட்டம். தறிப்பட்டறை முதலாளி, அவர் பட்டறையிலேயே ஓட்டுகிற ஆள், கல்லூரிப் பையன்கள், மாதா கோவிலுக்கு வந்த குடும்பம், லாரி டிரைவர்—எல்லாரும் ஒரே வரிசை பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இது சாதாரணமான காட்சியா? சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லை எடுக்க வைப்பதற்காகப் பெரியார் 1957-ல் ஒரு கிளர்ச்சியே நடத்த வேண்டியிருந்தது. இந்தக் கொங்கு நாட்டு டீக்கடைகளில் சிலருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தார்கள். அந்த வழக்கம் எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இட்லிக்கு ஒரு வம்சம் உண்டு. கறிக்குழம்புக்கு ஒரு வம்சம் உண்டு. யார் சமைத்தது, யார் பரிமாறியது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்பதெல்லாம் அவற்றோடு ஒட்டிக்கொண்டே வந்தன. நூடுல்ஸ் எந்த வம்சமும் இல்லாமல் வந்தது. அது எந்த ஜாதிப் பண்டம் என்று யாருக்கும் தெரியாததால், யாருக்கும் தீட்டு இல்லாமல் போயிற்று! ஒரு பெரிய காரியம் இப்படிச் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் தட்டிலிருக்கும் அந்தப் பண்டத்தின் பெயரை இத்தனை பேர் தினம் உச்சரிக்கிறோமே, அது யாருடைய பெயர் என்று யாராவது கேட்டதுண்டா?

ஹக்கா என்பது ஒரு பண்டத்தின் பெயரல்ல. ஒரு ஜனக்கூட்டத்தின் பெயர். சீனாவின் வடக்குப் பகுதிகளிலிருந்து பல தலைமுறைகளாகத் தெற்கே நகர்ந்து வந்து, குவாங்டுங், ஃபூஜியன், ஜியாங்ஸி மாகாணங்களின் மலைப்பாங்கான இடங்களில் குடியேறியவர்கள். நல்ல நிலமெல்லாம் முன்பே வந்தவர்கள் கையில் இருந்தது. இவர்களுக்கு மிஞ்சியது மேடும் கல்லும். முன்பே இருந்தவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர்தான் ‘ஹக்கா’. ‘விருந்தாளிக் குடும்பம்’ என்று அர்த்தம். எவ்வளவு அழகான பெயர் என்று தோன்றும். அந்த விருந்தாளிகளுக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் இடையே 1855 முதல் 1867 வரை நடந்த சண்டையில் கிராமம் கிராமமாக அழிந்தன. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். அழகான பெயருக்குள் இந்த நஞ்சும் இருந்தது.

அந்த ஜனங்களில் சிலர் கடல் கடந்தார்கள். சிங்கப்பூரை உருவாக்கிய லீ குவான் யூ அந்த வழியில் வந்தவர்தான். சிலர் கல்கத்தாவுக்கு வந்தார்கள். கல்கத்தாவுக்குச் சீனர் வந்த கதை பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் தொடங்குகிறது. ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்த அச்சியூ என்பவரின் பெயரால் அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர் எனப்படுகிறது. பின்னால் வந்தவர்களில் காண்டன் பகுதியார் தச்சு வேலை செய்தார்கள். ஹூபேயிலிருந்து வந்தவர்கள் பல் கட்டினார்கள். ஹக்காக்கள் செருப்புத் தைத்தார்கள், நகரத்தின் கிழக்கு ஓரத்திலிருந்த டாங்கிராவில் தோல் பதனிட்டார்கள். ஏன் தோல்? நம்மவர்களில் மேல்ஜாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் தொடமாட்டார்கள். ஆகவே அங்கே இடம் காலியாக இருந்தது. விருந்தாளிக்கு நாம் எப்போதும் கொடுக்கிற ஆசனம் அதுதானே? வீட்டுக்காரன் உட்கார விரும்பாத ஆசனம்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. மின்சார மோட்டார் வருவதற்கு முன் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்த சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் சேரியிலிருந்து வந்தவர். அவர் கைபட்ட தோல் நாளெல்லாம் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். அவர் மட்டும் அந்தக் கிணற்றில் இறங்கக்கூடாது. தோலுக்கு இல்லாத தீட்டு, தைத்த கைக்கு! கல்கத்தாவைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

டாங்கிராவில் தோல்பட்டறை வைத்திருந்த குடும்பங்கள் மெல்ல மெல்ல ஓட்டலும் வைத்தன. வங்காளியின் நாக்குக்கு ஏற்பப் பச்சைமிளகாய் சேர்ந்தது, பூண்டு கூடியது, மசாலா ஏறியது. தோல்பட்டறைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோகும்படி 1996-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டபின், தோல் காய்ந்த இடங்களில் மேலும் பல சாப்பாட்டு மேஜைகள் வந்தன. அங்கிருந்து கிளம்பிய சமையல்தான் பம்பாய்க்கும் சென்னைக்கும் பெருஞ்சாலை ஓரங்களுக்கும் பரவி, கருமத்தம்பட்டி நால்ரோடு வரை வந்திருக்கிறது. ஹக்காக்களின் பூர்வீகக் கிராமத்துக்குப் போய் நம் ஊர் ஹக்கா நூடுல்ஸைக் கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு அவர்களுடைய நூடுல்ஸ் உண்டு. அதன் ருசி வேறு. இது இந்தியாவில் பிறந்த பிள்ளை.

பிள்ளையை நாம் எடுத்துக்கொண்டோம். பெற்றவர்களை என்ன செய்தோம்?

1962 அக்டோபரில் சீனாவோடு யுத்தம் மூண்டது. அடுத்த மாதமே, அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் சீன வம்சாவளியினரைப் போலீஸ் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போகத் தொடங்கியது. ராஜஸ்தானத்துப் பாலைநிலத்தில் தேவ்லி என்ற ஊரில் ஒரு முகாம். ஏறக்குறைய 3,000 பேரை ரயிலில் ஏற்றிப் பல நாள் பிரயாணமாக அங்கே கொண்டு சேர்த்தார்கள். கிழவர்கள், கர்ப்பிணிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சீன தேசத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. முகமே குற்றப்பத்திரிகை. சிலர் மாதக்கணக்கிலும் சிலர் வருஷக்கணக்கிலும் அடைபட்டிருந்தார்கள். கடைசியாக இருந்தவர்கள் வெளியே வந்தது 1967-ல். திரும்பி வந்தபோது பலருடைய வீடும் கடையும் கைமாறியிருந்தன.

அவர்கள் தைத்த செருப்பைப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் கட்டிய பல்லால் மென்றவர்கள் இருந்தார்கள். அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் இருந்தார்கள். அத்தனை பேரும் கெட்டவர்களா? இல்லை. யுத்த காலத்துப் பயமும் வேகமும் எனக்குப் புரிகிறது. ஆனால், ஒரு மனிதன் கையால் பத்து வருஷம் சாப்பிட்டவனுக்கு, அந்த மனிதனைப் பிடித்துக்கொண்டு போகும்போது ஏதாவது கடமை உண்டா, இல்லையா? இதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் கருமத்தம்பட்டிக்காரர் ஒருவருடையது. விசைத்தறி வைத்திருப்பவர், அறுபது வயதைத் தாண்டியவர், பரோபகாரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேரப்பிள்ளைகளை அந்த ஓட்டலுக்கு அழைத்து வருவார். வாணலி பிடிக்கும் மாஸ்டர் டார்ஜிலிங் பக்கத்து மலைக்காரர். முப்பது வயதிருக்கும். இந்தியப் பிரஜை, நம்மைப் போலவே ஓட்டுப் போடுகிறவர். கண்ணும் கன்னமும் மலைநாட்டு அமைப்பு. அவர் மனைவியையும் குழந்தையையும் ஊரிலிருந்து அழைத்துவர நினைத்து, நம் பெரியவரின் லைன் வீட்டில் ஓர் அறை கேட்டிருக்கிறார். அறை காலியாகத்தான் இருந்தது. பெரியவர் கொடுக்கவில்லை.

“ஏனுங்கண்ணா, அவர் சமையலைத்தான் அப்படிப் புகழ்வீங்களே?” என்று கேட்டேன்.

“நல்ல பையனுங்க. கையில அப்படியொரு பக்குவமுங்க. அதுல ஒண்ணும் கொறையில்லீங்க,” என்றார். “ஆனா கட வேற, ஊடு வேறீங்க. கடையில காசு குடுத்தேன், தின்னேன், கணக்கு தீந்துபோச்சு. அதுக்கு மேல நான் என்னத்துக்குங்க கடன்பட்டேன்?”

இதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. காசு என்பதே அதற்காக ஏற்பட்டதுதான். கொடுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் விடுதலை. யாருடைய தயவும் யாருக்கும் வேண்டாம். நம் ஊரில் காசு இல்லாமல் சாப்பாடு போட்ட காலத்தில், சாப்பிட்டவன் ஆயுள் முழுவதும் கை கட்டி நிற்க வேண்டியிருந்தது. பந்தியில் எந்த மூலை, எந்த நேரம், எந்த இலை என்பதையெல்லாம் போட்டவன் தீர்மானித்தான். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன் யாருக்கும் தலை வணங்க வேண்டியதில்லை. சமைக்கிறவனுக்கும் அதே மரியாதை உண்டு. அவன் யாசகனல்ல, தொழிலாளி. அப்படியிருக்க, ‘நூடுல்ஸ் தின்றாயே, ஆகவே வீடு கொடு’ என்று சட்டம் பேசினால் அது அபத்தம்தான்.

ஆனால் பெரியவரின் கணக்கில் ஓர் இனம் விட்டுப்போயிற்று. காசு கொடுத்தது நூடுல்ஸுக்கு. அதோடு கூடவே இன்னொன்றும் அவருக்குக் கிடைத்திருக்கிறது: அந்த மனிதரைப் பற்றிய அறிவு. பையன் நல்லவன், கை சுத்தம், குடிப்பதில்லை, நேரத்துக்கு வருகிறான், குழந்தைகள் கேட்டால் காரம் குறைத்துப் போடுகிறான்—இதெல்லாம் வருஷக்கணக்கில் வாரந்தோறும் பார்த்துச் சேர்த்த அறிவு. இதற்கு அவர் காசு கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஒரு மனிதனைத் தெரிந்துகொண்டபின், தெரியாதவன் போல் நடந்துகொள்ளும் உரிமை நமக்குப் போய்விடுகிறது. இது ஒன்றுதான் நான் சொல்ல வந்த விஷயம். சாப்பிட்டதற்குக் கடன் இல்லை. தெரிந்ததற்குக் கடன் உண்டு. ‘இவரை எனக்குத் தெரியும்’ என்று வேண்டிய சமயத்தில் வாய்விட்டுச் சொல்வதே அந்தக் கடன்.

வேண்டிய சமயம் என்பது 1962-ல் வந்து போய்விட்ட ஏதோ பழங்கதையல்ல. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய்யான படங்களோடு ஒரு வதந்தி பரவிற்று. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வேலை செய்தவர்கள் நடுங்கிப்போனார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இங்கே அரசாங்கம் மறுத்தது, போலீஸ் மறுத்தது. ஆனால் தூரத்து ஊரில் அழுதுகொண்டிருக்கும் தாயாருக்கு அரசாங்கத்தின் அறிக்கையா தைரியம் தரும்? ‘அம்மா, உங்கள் மகன் எங்கள் தெருவில் இருக்கிறான், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னால் அதுவல்லவா தைரியம்? பக்கத்து வீட்டுக்காரர் இருக்க வேண்டுமானால் முதலில் வீடு இருக்க வேண்டும்.

பெரியவரிடம் இதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படி ஒரு வெனை வந்தா நான் போய் முன்னால நிப்பனுங்க. அது வேற பேச்சு,” என்றார். அவர் நிற்பார், எனக்குச் சந்தேகமில்லை.

“சரிங்கண்ணா, யாருக்காக வந்தீர்கள் என்று கேட்டால் என்ன பெயர் சொல்வீர்கள்?”

அவர் விழித்தார். “பேரு என்னமோ சொன்னாப்டியுங்க. வாயில நொழயலே. நாங்கெல்லாம் சைனா மாஸ்டர்னுதானுங்க கூப்பிடறது.”

சைனா மாஸ்டர்! கூப்பிடுகிறவர்கள் பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த மனிதரும் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்க்கிறார். ஆனால் தேவ்லிக்குப் போன ரயிலில் ஜனங்களை ஏற்றியது ஏறக்குறைய இந்தப் பெயர்தான். முகத்தைப் பார்த்து வைத்த பெயரில் மனிதன் இல்லை. அவன் பிறந்த ஊர் இல்லை, அவன் தகப்பனார் இல்லை. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரும் யாருக்காகவும் சாட்சி சொல்ல முடியாது.

தேவ்லியிலிருந்து மீண்ட பலர் கனடா தேசத்துக்குப் போனார்கள். அங்கே டொராண்டோ நகரத்தில் அவர்கள் தங்கள் ஓட்டல்களுக்கு ‘ஹக்கா’ என்றே பெயர் வைத்தார்கள். மிளகாய் போட்ட நூடுல்ஸும் மஞ்சூரியனும்தான் அங்கேயும். தங்களைச் சிறை வைத்த தேசத்தின் ருசியையே அவர்கள் கொண்டுபோய் விற்றார்கள் என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, வேதனையாகவும் இருக்கிறது. அதே நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில்தான், 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வீடு வாசல் இழந்து ஓடிவந்த தமிழர்கள் திரளாகக் குடியேறினார்கள். அவர்களும் அந்த ஓட்டல்களில் போய் உட்காருகிறார்கள். அந்த மேஜைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள், அண்டை அயலில் இருந்தவர்கள் ‘தெரியும்’ என்று சொல்லுவார்களா என்று ஒரு நாள் காத்துப் பார்த்தவர்கள். அங்கே சமைக்கிறவரும் விருந்தாளிக் குடும்பம், சாப்பிடுகிறவரும் விருந்தாளிக் குடும்பம். 2017-ல், முகாமிலிருந்தவர்கள் சிலர் டொராண்டோவிலிருந்து பஸ்ஸில் கிளம்பி, ஒட்டாவாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்கு ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கேட்டது ஒரு மன்னிப்பு வார்த்தை. போன சொத்துக்குக் கணக்கு உண்டு. தெரிந்தவர்கள் தெரியாதவர்களாகிப் போனதற்குக் கணக்கு ஏது?

தமிழில் ‘விருந்து’ என்ற சொல்லுக்குப் புதுமை என்றும் பொருள் உண்டு. புதிதாக வந்தவனே விருந்து. திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே இருப்பதை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். புதிய பண்டத்தை ஓம்புவதில் நமக்கு இணையில்லை. அதை நாக்கு பார்த்துக்கொள்கிறது. புதிய மனிதனை ஓம்ப நாக்கு போதாது.

என் நண்பர் அந்த அறையைக் கொடுத்தே தீரவேண்டும் என்று நான் கட்டளையிட முடியாது. வீடு அவருடையது, அதன் கவலைகளும் அவருடையவை. பெரியவர்களின் வாசற்படி ஒரே நாளில் தாழ்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை, தட்டு வருவதற்குள், அந்த மனிதரை அருகே அழைத்து அவர் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும்படி கேட்கலாமே. குழந்தைகளுக்கு எந்தப் பெயரும் வாயில் நுழையும்.